கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, கூட்டிப்போக ஆள் வேண்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்குக் குழுவில் படித்துக் காட்டவும்.)



பிளஸ் டூ ரிசல்ட் வந்து, பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்க நாம் அலைகிற நேரம் இது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் நடக்காத அம்மா நம்மில் யார் இருக்கிறோம்? ஒரு காகிதம் குறைந்தாலே "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு காகிதம் குறைந்ததற்கே நமக்கு இந்தப் பாடு. அப்படியென்றால், ஒரு காகிதமும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும், அவர்கள் தங்களுக்குள் சேர்ந்து ஆரம்பித்த மாணவர் கிளப்புகளைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறோம். அவர்கள் இருப்பது அமெரிக்காவில். "அமெரிக்காக்காரங்க கதை நமக்கு எதுக்கு?" என்று யாராவது நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க. நம்ம குழு நடக்கிற மாதிரியேதான் அவர்கள் கிளப்பும் நடக்கிறது.

யார் இந்தப் பிள்ளைகள்?

மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார், பிலிப்பைன்ஸ், கொரியா என்று பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர்களின் பிள்ளைகள் இவர்கள். நம் இந்தியாவிலிருந்து போனவர்களும் உண்டு. சிலர் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிப் போனவர்கள். சிலர் விசாவில் போய், விசா முடிந்த பிறகும் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள். போகும்போது இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பெற்றோர் என்ன வேலை பார்க்கிறார்கள்? திராட்சை பறிப்பது, ஸ்ட்ராபெர்ரி பறிப்பது, ஓட்டலில் பாத்திரம் கழுவுவது, வீடு கூட்டித் துடைப்பது, தையல் கம்பெனி வேலை. ஸ்ட்ராபெர்ரிச் செடி முழங்கால் உயரம்கூட இருக்காது. நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். நாற்று நடுகிற நமக்கு அந்த இடுப்பு வலி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழந்தை அங்கேயே வளர்கிறது. அந்த ஊர் இங்கிலீஷைத்தான் பேசுகிறது. பள்ளியில் அந்த நாட்டுக் கொடிக்குத்தான் வணக்கம் வைக்கிறது. தனக்குக் காகிதம் இல்லை என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பதினாறு வயதில் டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம் என்று கேட்கும்போதோ, காலேஜ் விண்ணப்பம் நிரப்பும்போதோதான் தெரிய வருகிறது. அங்கே எல்லாவற்றுக்கும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் என்று ஒன்பது இலக்க எண் கேட்பார்கள். "அம்மா, என் நம்பர் என்ன?" என்று பிள்ளை கேட்கும். "உனக்கு அது இல்லைம்மா" என்று அந்தத் தாய் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையிடம் இதைச் சொல்கிற தாயை நினைத்துப் பாருங்க.

பன்னிரண்டாவது வரை வழி கிடைத்தது எப்படி?

டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்று ஓர் ஊர். ரோஜாப் பூவுக்குப் பேர்போன ஊர். டெக்சாஸ் 1975இல் ஒரு சட்டம் போட்டது. காகிதம் இல்லாத பிள்ளைகளின் படிப்புக்கு அரசுப் பணம் கிடையாது என்பது அந்தச் சட்டம். அதை வைத்து 1977இல் டைலர் பள்ளி நிர்வாகம், அப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத்துக்கு 1,000 டாலர் கட்டச் சொன்னது. கூலி வேலை பார்க்கிற குடும்பம் எப்படிக் கட்டும்? பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

நான்கு குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். காகிதம் இல்லாதவர்கள் கோர்ட்டுக்குப் போவது சாதாரண விஷயமா? அங்கேயே பிடித்து நாடு கடத்திவிடலாம். அதனால் விசாரணை நாளன்று வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே போனார்கள். வெளியில் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நீதிபதியும் விடியற்காலையிலேயே விசாரணை வைத்தார். அந்த நீதிபதியின் பெயரே வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ். ஜஸ்டிஸ் என்றால் நீதி.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982 ஜூன் 15இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் பிள்ளைகள் பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது, பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்க எல்லாப் பிள்ளைக்கும் வழி விட வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அந்தப் பள்ளி நிர்வாகத்தின் தலைமை அதிகாரியே, வழக்கில் தோற்றது நல்லதாகப் போயிற்று என்று பிற்காலத்தில் சொன்னார்.

அதற்கு மேலே?

பன்னிரண்டாவது முடித்ததும் அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. காலேஜில் சேரக் கூடாது என்று நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் கிடையாது. ஆனால் பணம்? அங்கே மத்திய அரசு தரும் உதவித்தொகையும் கல்விக் கடனும் காகிதம் இல்லாதவர்களுக்குக் கிடையாது. அதோடு, உள்ளூர் மாணவருக்கு ஒரு கட்டணம், வெளிமாநில மாணவருக்கு ஒரு கட்டணம் என்று இரண்டு விதம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளி மாணவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலே. அதே தெருவில் வளர்ந்து, அதே பள்ளியில் படித்த பிள்ளையை வெளியூர்ப் பிள்ளை என்று கணக்கு வைத்தால் என்ன செய்யும்? விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டு அம்மாவோடு வேலைக்குப் போகும்.

இதை மாற்ற 2001இல் டெக்சாஸ்தான் முதலில் சட்டம் போட்டது. அதே வருடம் கலிபோர்னியாவும் போட்டது. ஏ.பி. 540 என்று அந்தச் சட்டத்துக்குப் பெயர். கலிபோர்னியாவில் மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம் போதும், காகிதம் கிடைக்க வழி வரும்போது விண்ணப்பிக்கிறேன் என்று ஓர் உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்தால் சரி என்றது சட்டம்.

சட்டம் வந்தது, சேதி வரவில்லை

இங்கேதான் நம் கதைக்கு வருகிறோம். சட்டம் வந்தாச்சு. பிள்ளைகள் எல்லோரும் காலேஜுக்குப் போயிருக்க வேண்டும் இல்லீங்களா? அப்படி நடக்கவில்லை. பல பள்ளிகளில் வழிகாட்டும் ஆசிரியருக்கே சட்டம் தெரியாது. "உனக்குக் காலேஜ் கிடைக்காது" என்று சொல்லி அனுப்பினார்கள். காலேஜ் ஆபீசில் தவறான படிவத்தைக் கொடுத்து வெளிமாணவர் கட்டணம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பயம். "எனக்குக் காகிதம் இல்லை, எனக்கு எந்தப் படிவம்?" என்று கவுன்டரில் வாய்விட்டுக் கேட்க முடியுமா? பக்கத்தில் நிற்பவர் கேட்டு யாரிடமாவது சொல்லிவிட்டால்? அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்? பெற்றோரும், "யாரிடமும் சொல்லாதே" என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளையும் தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2003இல் சில மாணவர்கள் சேர்ந்து ஐடியாஸ் என்று ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். மாநிலத்தின் மற்ற காலேஜ்களிலும் பள்ளிகளிலும் இதே போல் கிளப்புகள் வந்தன. கையில் பணம் கிடையாது, பதவி கிடையாது. முன்னால் போனவர்களுக்குத் தெரிந்ததைப் பின்னால் வருபவர்களுக்குச் சொல்வதுதான் வேலை.

கிளப் என்ன செய்கிறது?

முதல் விதி, காகிதம் இருக்கிறதா என்று யாரையும் கேட்கக் கூடாது. காகிதம் இருக்கிற பிள்ளைகளும் உதவி செய்ய அதில் உறுப்பினர்கள்தான். அதனால் ஒரு பிள்ளை கூட்டத்துக்கு வந்தால், அது காகிதம் இல்லாத பிள்ளை என்று வெளியாளுக்குத் தெரியாது. இது பெரிய யோசனைங்க. உதவி வாங்க வரும் ஆளுக்கு மானம் போகாமல், ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது.

அடுத்தது படிவம். ஏ.பி. 540 உறுதிமொழிப் படிவத்தை எங்கே வாங்குவது, எந்த ஆபீசில் கொடுப்பது, அதில் எழுதுவது ரகசியமாக இருக்குமா என்று மூத்த மாணவர் கூட உட்கார்ந்து சொல்லித் தருவார். எந்த உதவித்தொகைக்கு அந்த ஒன்பது இலக்க எண் வேண்டியதில்லை என்று பட்டியல் எடுத்து வைத்திருப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகப் பணம் இல்லையென்றால், முதல் இரண்டு வருடம் கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்று வழி சொல்வார்கள்.

மூன்றாவது, அன்றாடச் சிரமம். பாடப் புத்தகம் அங்கே பெரிய செலவு. முடித்தவர்கள் புத்தகத்தைக் கிளப்பில் கொடுத்துவிட்டுப் போவார்கள். கலிபோர்னியாவில் 2015 வரை காகிதம் இல்லாதவர்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. அதனால் கார் இருக்கிறவர் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போவார். நிதி திரட்டத் தின்பண்டம் செய்து விற்பார்கள். நம் குழுவில் முறுக்கு, அதிரசம் போட்டு விற்கிற மாதிரிதான்.

நான்காவது, பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போவது. உயர்நிலைப் பள்ளிக்குப் போய், "நானும் உங்க மாதிரிதான், நான் படிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் பாஷையிலேயே பேசுவார்கள். காலேஜ் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். பயிற்சி எடுத்த ஆசிரியர் தன் அறைக் கதவில் ஓர் அடையாள ஸ்டிக்கர் ஒட்டிவைப்பார். பல இடங்களில் அது பட்டாம்பூச்சிப் படம். கேட்டுக் கேட்டு அலைய வேண்டியதில்லை. அந்தக் கதவைத் தட்டினால் போதும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

இப்படி மாணவர்கள் தாங்களாகச் செய்த வேலையைப் பிறகு அரசே எடுத்துக்கொண்டது. 2011இல் கலிபோர்னியா இந்தப் பிள்ளைகளுக்கு மாநில உதவித்தொகையும் கிடைக்கச் சட்டம் போட்டது. 2019இல் இன்னொரு சட்டம் வந்தது. மாநிலத்தின் ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியிலும், மாநிலப் பல்கலைக்கழக வளாகத்திலும் இவர்களுக்கு வழிகாட்ட ஒரு அலுவலரை நியமிக்க வேண்டும் என்றது அது.

இரண்டு பெண்கள்

சிந்தியா ஃபெலிக்ஸ் என்ற பெண் ஐடியாஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். மெக்சிகோவிலிருந்து வந்தவர். டாம் டிரான் என்ற பெண் அதே கிளப்பில் உழைத்தவர். டாமின் பெற்றோர் வியட்நாமிலிருந்து படகில் தப்பியவர்கள். ஜெர்மன் கப்பல் அவர்களைக் காப்பாற்றியதால் டாம் பிறந்தது ஜெர்மனியில். ஆறு வயதில் அமெரிக்கா வந்தார். ஜெர்மனியும் ஏற்கவில்லை, வியட்நாமுக்கும் திரும்ப முடியாது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெண்.

2007 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் டாம் தன் நிலையைச் சொன்னார். இவரைப் போன்ற பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு வழி செய்யும் ட்ரீம் சட்டம் 2001 முதல் அங்கே நிலுவையில் இருந்தது. அதற்காகத்தான் பேசினார். சில மாதங்கள் கழித்துக் குடியேற்ற அதிகாரிகள் வந்து அவருடைய பெற்றோரையும் தம்பியையும் பிடித்துப் போனார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தலையிட்ட பிறகே விட்டார்கள். அப்படியும் டாம் பேசுவதை நிறுத்தவில்லை.

பட்டம் வாங்கிய பிறகு டாம் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டப் படிப்புக்கும், சிந்தியா கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார மேல்படிப்புக்கும் போனார்கள். 2010 மே 15இல் ஒரு கார் விபத்தில் இரண்டு பேரும் ஒன்றாக இறந்துபோனார்கள். அதே வருடம் டிசம்பரில் ட்ரீம் சட்டம் கீழ்ச்சபையில் நிறைவேறி மேல்சபைக்கு வந்தது. 60 ஓட்டு வேண்டும், 55தான் கிடைத்தது. இந்தப் பேச்சை எழுதும் இன்று வரை அது சட்டமாகவில்லை.

எதிர்க்கேள்வியும் உண்டு

"சட்டத்தை மீறி வந்தவர்களுக்கு எதற்குச் சலுகை? வரிசையில் காத்திருந்து முறையாக வந்தவர்களுக்கு அநியாயம் இல்லையா? எங்கள் வரிப்பணம்தானே?" என்று அங்கே பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்பவர்கள், சிறு குழந்தை சட்டத்தை மீறவில்லையே என்கிறார்கள். அந்தப் பெற்றோரும் கடையில் சாமான் வாங்கும்போது வரி கட்டுகிறார்கள். வாடகை வழியாக வீட்டு வரியும் போகிறது. பன்னிரண்டு வருடம் அரசு செலவில் படிக்க வைத்த பிள்ளையைப் பதிமூன்றாம் வருடம் நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? அதோடு, கலிபோர்னியாச் சட்டம் காகிதம் இல்லாதவர்களுக்கு மட்டும் அல்ல. அங்கே படித்துவிட்டு வேறு மாநிலம் போய்த் திரும்பும் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கும் அதே உள்ளூர்க் கட்டணம் உண்டு.

இன்றைய நிலை

கிடைத்தது எல்லாம் நிலைத்து நிற்கவில்லை. 2012 ஜூன் 15இல், பழைய தீர்ப்பு வந்து சரியாக 30 வருடம் ஆன நாளில், டாகா என்ற திட்டத்தை அதிபர் ஒபாமா அறிவித்தார். சின்ன வயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை அனுமதி தரும் திட்டம். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயன் பெற்றார்கள். ஆனால் 2007 ஜூன் 15 முதலே அமெரிக்காவில் இருந்தவர்களுக்குத்தான் அது. இப்போது பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைகளில் அநேகருக்கு அதில் இடமே இல்லை.

முதலில் சட்டம் போட்ட டெக்சாஸிலும் 2025 ஜூன் 4இல் அது போனது. மத்திய அரசு வழக்குப் போட்டது, மாநில அரசு அன்றைக்கே ஒத்துக்கொண்டது, 24 வருடச் சட்டம் ஒரே நாளில் செல்லாமல் போனது. ஃபுளோரிடாவும் 2025 ஜூலையில் தன் சலுகையை நிறுத்தியது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளின் கட்டணம் திடீரென்று பல மடங்கு ஏறியது.

நம் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு முறையாக விசாவோடு போனவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியர்களுக்கு நிரந்தரக் குடியிருப்பு அட்டை கிடைக்கப் பல வருட வரிசை. அதற்குள் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் பெற்றோர் விசாவில் இருக்க முடியாது. வேறு விசா கிடைக்காவிட்டால், மழலையிலேயே போய் வளர்ந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

பட்டம் வாங்கினாலும் வேலைக்கு எடுக்கக் கம்பெனிக்குச் சட்டத்தில் அனுமதி இல்லை என்ற நிலையும் இருக்கிறது. அதனால் இப்போது சொந்தத் தொழில் தொடங்கவும் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்கிறார்கள். கிளப்புகளின் வேலை இன்னும் முடியவில்லை.

நமக்கு இதில் என்ன இருக்கு?

தோழியரே, வங்கிக் கடன் திட்டம் நமக்கு முன்னாலும் இருந்தது. ஆனால் குழு வந்த பிறகுதானே நாம் வங்கிக்குள் கால் வைத்தோம்? தனியாகப் போனால் வாசலிலேயே நிற்போம். பத்துப் பேராகப் போனபோது நாற்காலி போட்டார்கள். அந்தப் பிள்ளைகளும் அதையேதான் செய்தார்கள்.

நம் ஊரிலும் இருளர் வீட்டுப் பிள்ளை சாதிச் சான்று இல்லாமல் நிற்பதைப் பார்க்கிறோம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில், இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்று எடுக்காமல் விட்ட குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு. அதனால் கல்விக் குழு சார்பில் நாங்கள் முன்வைப்பது இவைதான்:

1. அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். நம் தெருவில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளை யார்? என்ன காரணம்?

2. காரணத்தைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டு அந்தத் தாயைத் தலைகுனிய வைக்க வேண்டாம். இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

3. காலேஜ் படிக்கும் நம் வீட்டுப் பெண் பிள்ளை ஒருவரைக் குழுவுக்கு உதவியாளராக வையுங்கள். படிவம் நிரப்ப, கடைசித் தேதி சொல்ல, கூட ஆபீசுக்குப் போக அந்தப் பிள்ளை போதும்.

4. எந்தச் சான்றுக்கு எந்த ஆபீஸ், என்னென்ன இணைக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அது அடுத்த வீட்டுக்கு உதவும்.

5. படித்து முடித்த பிள்ளைகளின் புத்தகங்களைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் சேர்த்து வையுங்கள்.

இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு பிரதிநிதியும் கொண்டுவர வேண்டுகிறோம். காகிதம் இல்லை என்ற காரணத்துக்காக நம் ஊரில் ஒரு பிள்ளையும் வீட்டில் உட்காராமல் பார்த்துக்கொள்வோம்.